கதவில்லாத ரோடு

எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. மருமகன் வாசல் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் போய்விட வேண்டும். எதையாவது சொல்வதென்றால் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்ல வேண்டும். மகள் அதைக் கொண்டுபோய் கணவனிடம் சொல்லி, அவர் தரும் பதிலைத் திரும்பக் கொண்டுவந்து கதவிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்குப் பெயர் மரியாதையாம். மரியாதை அவர்களுக்கு, கால்நோவு எனக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று ஏன் சொல்கிறார்கள் என்பதைக் கலியாணம் முடித்த முதல் கிழமையே நான் விளங்கிக்கொண்டேன்.

என் கணவர் ஜவுபர் பொத்துவில்லைச் சேர்ந்தவர். கல்முனை பஸாரில் ஒரு புடவைக்கடையில் வேலை. எங்கள் வழக்கப்படி கலியாணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து வாழத் தொடங்கியவர். கடையில் அவரைப் பார்க்க வேண்டும்! சும்மா மழைக்கு ஒதுங்கியவளுக்கும் இரண்டு சாரியை விற்றுவிடுவார். ஆனால் அந்த வாய் எங்கள் படலைக்கு வெளியிலேயே செருப்போடு நின்றுவிடும். வீட்டுக்குள் வந்தால் ஓம், இல்லை, போதும். இந்த மூன்று சொல்லோடு ஆறு மாதம் ஓட்டினார்.

உம்மா, கைருன்னிஸா, சமையலில் யாருக்கும் இளைத்தவள் அல்ல. மருமகனுக்கென்று தனிப் பாய், தனித் தட்டு, சோற்றுக்கு ஆறு வகை ஆணம், அதில் பெரிய மீன் தலை கட்டாயம். அவர் தனியே இருந்து இரண்டு வாய் தின்றுவிட்டுக் கை கழுவுவார். "என்ட ஆணம் புடிக்கல்ல போல" என்று உம்மா கவலைப்பட்டு அடுத்த நாள் ஏழாவது ஆணம் ஆக்குவாள். அவர் ஒரு வாயோடு எழும்புவார்.

பொத்துவில்லில் அவருடைய தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளை பார்க்கப் போக ஆயத்தமானோம். புறப்படுவதற்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கிணற்றடியில் வைத்து அவர் என்னிடம் சொன்னார்.

"றம்ஸியா, நான் பொத்துவில்லயே நிக்கப் போறன். மூத்த நானாட கடையில ஒரு ஆள் தேவையாம்."

"எத்தின நாளைக்கி?"

"நாள் கணக்கில்ல. நிக்கத்தான் போறன். நீ வந்தா வா."

"ஏன்? நாங்க என்ன செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்ல. நீங்க எல்லாரும் சிரிச்சிக் கதைக்கிற சத்தம் படலைக்குக் கேக்கிது. நான் உள்ள வந்தா எல்லாரும் எழும்பி ஓடுறீங்க. மறுகா மௌத்து ஊடு மாதிரி ஒரு சத்தமில்ல. மாமிக்கு நான் வந்தது புடிக்கல்ல. எனக்கு விளங்குது."

அதை மறுத்துச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா கிணற்றடிக்கு வந்தாள். அவரைக் கண்டதும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். "பாத்தியா?" என்றார் அவர்.

அந்த வீடு எனக்குச் சீதனமாக வாப்பா கட்டியது. மருமகன் இறங்கிப்போன வீடு என்று ஊர் சொன்னால் உம்மா தலைநிமிர்ந்து தெருவில் நடக்கமாட்டாள். உம்மாவை விட்டுப் போக எனக்கு மனமில்லை. அவரை விட்டு இருக்க அதைவிட மனமில்லை. அவர் கடையிலிருந்து வரும் நேரம் ஆனால் என் காது படலையில்தான் கிடக்கும். இதையெல்லாம் உம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில்லுக்குப் போய்ச் சேருவதற்குள் ஏதாவது நடக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு காரில் ஏறினேன்.

எழுபத்தெட்டுப் புயலடித்து இரண்டாம் வருசம், கச்சான் காற்று வீசும் மாதம். சொறிக்கல்முனைப் பக்கத்து எங்கள் வயலில் நெல் வெட்டுத் தொடங்கியிருந்ததால் வாப்பா வரவில்லை. டெஸ்மன்ட் அண்ணனின் ஒஸ்டின் காரை வாடகைக்குப் பேசியிருந்தோம். அவர் கல்முனை வேதக்காரர், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவருடைய கார் கொஞ்சத் தூரம் ஓடினால் கொதித்துவிடும். நிறுத்தித் தண்ணீர் விட்டு ஆறவைக்க வேண்டும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ரோட்டோரத்தில் எங்கெங்கே புதினம், வேடிக்கை இருக்கிறதோ அங்கெல்லாம் கார் கொதிப்பதுபோலப் பழக்கியிருந்தார்.

"எஞ்சின் கொதிச்சா நிக்கத்தான் வேணும் ராத்தா. சும்மா நிண்டா என்ன, ஒரு புதினத்தப் பாத்துக்கொண்டு நிண்டா என்ன?" என்று உம்மாவிடம் சொன்னார்.

முன்னுக்கு டெஸ்மன்ட் அண்ணனும் என் கணவரும். பின்னுக்கு நானும் உம்மாவும், மடி நிறையத் தொதலும் வட்டிலப்பமுமாகப் பலகாரம். உம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்து, யன்னலோடு ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு முழத் தூரம். சாய்ந்தமருது தாண்டும்போதே உம்மா என் தொடையில் இடித்தாள்.

"காத்துப் பலமா அடிக்கிதா எண்டு கேளு."

"காத்துப் பலமா அடிக்கிதாமா?" என்றேன்.

"இல்ல எண்டு சொல்லு."

"இல்லயாம்."

டெஸ்மன்ட் அண்ணன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். "தங்கச்சி, உனக்கு நான் ஒரு மைக் வாங்கித் தாறன்."

நிந்தவூர் எல்லையில் கார் முதல் தடவை புகை விட்டது. இறங்கிப் பார்த்தால் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக் கூரையின் மேல் ஒரு முழு வள்ளம். அணியம் கடலைப் பார்க்க, பின்பக்கம் ரோட்டைப் பார்க்க, கடைக்குத் தொப்பி போட்டதுபோல இருந்தது.

"புயல் கொண்டந்து வெச்சது," என்றார் கடைக்காரர். "ஆர்ர எண்டு ஒருத்தரும் கேட்டு வரல்ல. அல்லாஹ் வெச்சத நான் ஏன் எறக்கணும்? மழைக்கும் ஒழுகுதில்ல."

கடையில் இருக்க ஒரே ஒரு நீட்டுப் பலகை வாங்குதான். அதன் ஒரு தலைப்பில் உம்மா, மறு தலைப்பில் அவர், நடுவில் நான். உம்மா என்னிடம் பால் தேத்தண்ணியா வெறும் தேத்தண்ணியா என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். அவர் வெறும் தேத்தண்ணி என்றார். நான் சொன்னேன். உம்மா சீனி எவ்வளவு என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி வெளியே போய் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஆள் இல்லாமல் போனதும் வாங்கு ஒரு பக்கம் சரிந்தது. உம்மா விழப் பார்த்தாள். அவர் சட்டென்று தன் பக்கத்தை அழுத்திப் பிடித்தார். உம்மா விழவில்லை. ஆனால் இரண்டு பேரும் எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரின் தலையையும் பிடித்து முட்டிவிடலாம் போல இருந்தது.

அக்கரைப்பற்று தாண்டித் தம்பிலுவில்லில் இரண்டாவது கொதிப்பு. அங்கே ஒரு தென்னை. புயலில் சரிந்து நிலத்தில் படுத்தது, சாகாமல் கொஞ்சத் தூரம் ஊர்ந்து, பிறகு மனம் மாறியதுபோல நேரே மேலே எழும்பியிருந்தது. படுத்த பகுதி நாலு பேர் இருக்கக்கூடிய வாங்கு. வருகிறவர் போகிறவரெல்லாம் இருந்து இருந்து மரம் வழுவழுப்பாகியிருந்தது. நிழலில் செல்லத்தங்கம் என்ற அம்மா ஒருத்தி இளநீர்க் குரும்பை விற்றாள். குரும்பை வாங்கினால்தான் மரத்தில் இருக்கலாம் என்பது அவளுடைய சட்டம்.

அவர் முதல் ஆளாகப் போய் மரத்தில் ஏறி இருந்தார். "இப்பிடி ஒரு மரம் நம்மட கடைக்குள்ள இருந்தா சாரி எடுக்க வாற பொம்புளைகள் நாள் முழுக்க எழும்ப மாட்டாங்க," என்று டெஸ்மன்ட் அண்ணனிடம் சொன்னார். பிறகு செல்லத்தங்கத்தோடு கதை தொடங்கினார். குரும்பைக்கு எங்கே போகிறாள், எத்தனை பிள்ளைகள், சேலை எங்கே வாங்கினாள், இந்தச் சேலையை அவளுக்கு விற்றவன் நிச்சயம் ஏமாற்றிவிட்டான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உம்மா காருக்குப் பக்கத்தில் நின்று முக்காட்டு நீக்கலால் பார்த்துக்கொண்டே இருந்தாள். மருமகன் இவ்வளவு கதைத்து அவள் கேட்டது அன்றுதான்.

"இவர் இப்பிடிக் கதைப்பாரா?" என்று என்னிடம் கேட்டாள். குரலில் ஒரு நோவு இருந்தது.

"கதைப்பார்."

"அப்ப நம்மட ஊட்டுல ஏன் ஊமை மாதிரி இரிக்கார்? நம்மளப் புடிக்கல்லயா?"

இரண்டு பேரும் ஒரே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். ஒருவரிடம் மற்றவர் கேட்பதில்லை. நான் பதில் சொல்லு முன் செல்லத்தங்கம் கத்தியோடு திரும்பினாள்.

"அக்கா, மகனுக்கு இன்னொண்டு வெட்டட்டா?"

உம்மா திகைத்துப்போனாள். மகனில்லை, மருமகன் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "ஓம். வழுக்கையாப் பாத்து வெட்டுங்க," என்றாள். அவர் மரத்தில் இருந்தபடி தலையைத் திருப்பாமல் அதைக் கேட்டார். அந்தக் குரும்பையை ஒரு சொட்டும் விடாமல் குடித்து முடித்தார்.

எனக்குள் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் திருக்கோவில் வந்ததும் அவர் டெஸ்மன்ட் அண்ணனிடம், "அண்ணே, திரும்பி வரக்குள்ள ரெண்டு பேர்தான். கார் பாரம் குறையும்," என்று சொல்லிவிட்டார். டெஸ்மன்ட் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொதல் பெட்டியை மடியில் சரிசெய்து வைத்தாள்.

திருக்கோவிலுக்கு அப்பால் வயல்வெளி. கதிர் பழுத்து நிற்கும் நேரம். அந்த வெளிக்கு நடுவில் ஒரு தென்னங்குற்றி நாட்டி, அதன் உச்சியில் ஒரு விமானம் நின்றது. மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி ஒட்டிச் செய்தது. இரண்டு சிறகு, ஒரு வால், மூக்கில் காற்றாடி. உள்ளே ஒரு ஆள் இருக்க இடம்கூட இருந்தது. காற்று வரும் பக்கமெல்லாம் அது திரும்பியது. காற்றாடி சுழலும்போது கிடுகிடுவென்று எழும்பிய இரைச்சலில் வெளி முழுக்க ஒரு குருவி இல்லை.

கார் அங்கே கொதித்ததா, டெஸ்மன்ட் அண்ணன் கொதிக்க வைத்தாரா தெரியாது.

விமானத்துக்குச் சொந்தக்காரர் அச்சிமுகம்மது என்ற வயல்காரர், வரம்பில் குந்தியிருந்தார். "மக்காவுக்குப் போற விமானத்துல ஏற நமக்கு நஸீபு இல்ல," என்றார். "அதால நானே ஒண்டு செஞ்சன். இது கிளியையும் குருவியையும் மக்கா வரைக்கும் துரத்துது."

"ஏறிப் பாக்கலாமா?" என்று என் கணவர் கேட்டார்.

"சின்னப் புள்ளைகள்தான் ஏறுற. நீங்க பாரம்."

சொல்லி முடிக்கு முன் என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குற்றியில் சாத்தியிருந்த ஏணியில் பாதி ஏறிவிட்டார். முப்பது வயது ஆண்பிள்ளை! மேலே போய் விமானத்துக்குள் இருந்து, இரண்டு கையையும் விரித்து, "ஜித்தாவுக்குப் போறாக்கள் கெதியா ஏறுங்க! சாரி வாங்கினாக்களுக்கு முன் சீட்!" என்று கத்தினார். டெஸ்மன்ட் அண்ணன் கைதட்டினார். நானும் கவலையை மறந்து சிரித்தேன்.

அப்போதுதான் கச்சான் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. விமானம் ஒரே சுற்றில் திரும்பியது. ஏணி சரிந்து வரம்பில் விழுந்தது. இடது சிறகு கழன்று வயலுக்குள் பறந்தது. அவர் தகரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றினார். சாரம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"டேய் ஜவுபர்!"

கத்தியது உம்மா.

"எறங்குடா கீழ! ஆகாசத்துல குந்தி இரிக்கான் பாரு, கலியாணம் முடிச்ச ஆம்புள! கழுத்து முறிஞ்சா என்ட புள்ள என்ன செய்யும்? நான் என்ன செய்யிற? டெஸ்மன்ட் தம்பி, என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க, ஏணியத் தூக்குங்க! டேய், குற்றியப் புடி! தகரத்த உடு, வெட்டும்!"

டெஸ்மன்ட் அண்ணனும் அச்சிமுகம்மதுவும் ஏணியை நிமிர்த்திப் பிடித்தார்கள். அவர் இறங்கி வந்தார். முழங்காலில் தோல் உரிந்து இரத்தம். வந்து உம்மாவுக்கு முன்னால் நின்றார்.

அப்போதுதான் உம்மாவுக்குத் தான் செய்தது விளங்கியது. கை முக்காட்டைத் தேடியது. முக்காட்டைக் கச்சான் எப்போதோ தோளுக்கு இறக்கியிருந்தது. அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஓடி ஒளிக்க அந்த வெளியில் ஒரு குசினி இல்லை, ஒரு கதவு இல்லை. கண்ணெட்டும் தூரம் வரை வயலும் ரோடும்தான்.

"சரி மாமி," என்றார் அவர்.

ஆறு மாதத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் சொல். உம்மாவின் முகம் சிவந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நினைத்திருப்பாள் போல.

"என்ன சரி? காலப் பாரு, ரெத்தம் ஓடுது. திண்டாத்தானே கையில பெலன் இரிக்கும்? ஆறு ஆணம் ஆக்கி வெச்சா ரெண்டு வாய் திண்டுட்டு எழும்புற. என்ட கையில அப்பிடி என்ன குறை? மூஞ்சிக்கு நேர சொல்லு."

"ஒரு குறையுமில்ல மாமி."

"அப்ப ஏன் அந்த மீன் தலையத் தொடுறதில்ல? ஊர்ல உள்ள பெரிய தலையெல்லாம் ஒனக்குத்தான் வாங்குற."

அவர் தயங்கினார். பிறகு, "எனக்கு முள்ளு எடுக்கத் தெரியா மாமி," என்றார்.

"பொத்துவில்ல, கடலுக்குப் பக்கத்துல பொறந்த நீ?"

"உம்மா எடுத்துத் தருவா. மறுகா தங்கச்சி எடுத்துத் தருவா. எங்கட ஊட்டுல ஒரே சஹன் தட்ட சுத்தி எல்லாருமா இருந்து திங்கிற. தனிய இருந்து திண்டு எனக்குப் பழக்கமில்ல. எல்லாரும் கதவுக்குப் பின்னால நிண்டுக்கொண்டு இருந்தா தொண்டையால எறங்குதில்ல. ஒங்களுக்கு என்னப் புடிக்கல்ல எண்டு நெனச்சன்."

"புடிக்கல்லயா?" உம்மாவின் குரல் உடைந்தது. "நீ எந்த ஆணத்துல ரெண்டாந்தரம் கை வெக்கிற எண்டு கதவு நீக்கலால பாத்துக்கொண்டு நிக்கிற நான். அடுத்த நாளைக்கி அத ஆக்கலாம் எண்டு. நீ ஒண்டுலயும் வெக்கிறதில்ல." பிறகு என் பக்கம் பாய்ந்தாள். "இதெல்லாம் ஏன்டி நீ எனக்குச் சொல்லல்ல?"

"எனக்கு மட்டும் ஆர் சொன்ன?" என்று நானும் கத்தினேன்.

அச்சிமுகம்மது கழன்ற சிறகைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் கணவர் மன்னிப்புக் கேட்டு, டெஸ்மன்ட் அண்ணனின் கம்பியை வாங்கி அதைக் கட்டிக் கொடுக்கத் தொடங்கினார். உம்மா பக்கத்தில் நின்று, கட்டுச் சரியில்லை, அந்தப் பக்கம் இறுக்கு, அப்படியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் ஓம் மாமி, ஓம் மாமி என்று இறுக்கினார்.

காரில் ஏறியதும் மறுபடியும் ஒரு வெட்கம் வந்து எல்லோரையும் மூடிக்கொண்டது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். கோமாரி தாண்டும்போது நான் முன்னுக்குச் சாய்ந்து அவர் காதோடு கேட்டேன், "திரும்பி வரக்குள்ள எத்தின பேர்?" அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஏச்சு ஆறு மாதக் கவலையை ஆற்றிவிடுமா? சொன்னதை மாற்றாத மனிசன் அவர்.

பொத்துவில்லில் பொழுது சாயும்போது இறங்கினோம். வீடு நிறைய ஆட்கள். புதுப் பிள்ளையைக் கை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். தொதலை ஒரு நொடியில் முடித்தார்கள். சம்பந்தி வீட்டில் நாலு பேர் பார்க்கும் இடத்தில் உம்மா முறை தவறமாட்டாள்; நேரே குசினிக்குள் போய்க் கதவோரம் நின்றுவிட்டாள். முன் அறையில் பாய் விரித்து, சஹன் வைத்து, ஆண்கள் சுற்றி இருந்தார்கள். டெஸ்மன்ட் அண்ணனையும் இழுத்து இருத்தினார்கள். நான் குசினி வாசலில் உம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவருடைய அண்ணன், அந்தக் கடைக்கார நானா, கேட்டார், "என்ன ஜவுபர், கடைக்கி நாளைக்கே வாறயா, ரெண்டு நாள் கழிச்சா?"

உம்மா என்னைப் பார்த்தாள். "என்ன கடை?" என்று மெல்லக் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. கதவுப் பலகையை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு தலையைத் தூக்கினார். நானாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில், குசினி வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"மாமி! நாளைக்கி எத்தின மணிக்கி ஊட்டுக்கு வெளிக்கிடுற?"

வீடு அடங்கிப்போயிற்று. அவருடைய உம்மா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். ஒரு மருமகன் மாமியை இப்படி ஊரறியக் கூப்பிட்டதை அந்த வீட்டில் யாரும் கண்டதில்லை. எல்லோரும் குசினி வாசலைப் பார்த்தார்கள்.

வழக்கப்படி உம்மா என் காதில் சொல்லியிருக்க வேண்டும். நான் கொண்டுபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். உம்மா என்னைத் தள்ளி விலக்கிவிட்டு வாசலைத் தாண்டி முன் அறைக்கு வந்தாள்.

"சுபஹு தொழுதொடன வெளிக்கிடுவம் மகன்," என்றாள். "இப்ப கதைச்சிக்கொண்டு இராம சோத்தத் தின்னு."

அவர் தின்னத் தொடங்கினார். நான் குசினிக்குள் போய், யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதேன். வெளியே சஹனைச் சுற்றி மெல்ல மெல்ல மறுபடியும் கதை எழும்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய குரல் கேட்டது.